ஸ்டிக்கர் இல்லாத கதவு

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும்போதுதான் நதியா அதைப் பார்த்தாள். தாழ்ப்பாளுக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். அம்புக்குறி. அதன் முனை தாழ்ப்பாளைக் காட்டியது. பார்த்த உடனே மகள் அனுசுயாவை இழுத்துத் தன்னோடு சேர்த்து நிறுத்திக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். குழாயடியில் யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து, உருட்டி, சாக்கடையில் போட்டாள். அதன் பசை கம்பெனிக்குப் போய்ச் சேரும்வரை விரலில் இருந்தது.

அது என்ன ஸ்டிக்கர் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று நாள் முழுக்க அவள் ஒட்டுவதே அதைத்தான். தைத்து வருகிற பீஸை விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால், அங்கே அம்பு காட்டும்படி ஒன்றை ஒட்டித் தனியாகப் போட வேண்டும். அம்பு இருந்தால் டேமேஜ். திருப்பூரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. தினமும் ஒட்டுகிறவளுக்கு அதைப் பார்த்து என்ன பயம் என்று கேட்கலாம். பீஸில் இருந்தால் பயமில்லை. கதவில் இருந்தால், இந்த வீட்டில் ஒரு டேமேஜ் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதானே பொருள். அவள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கவும் செய்தது.

நதியா தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, புருஷனிடம் சொல்லாமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தவள். புருஷன் பெயர் இசக்கிமுத்து. குடிக்க மாட்டான், சத்தம் போட மாட்டான், ஊரில் நல்ல பெயர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். ஒருமுறை அவள் அம்மா வீட்டிலிருந்து சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்பதற்காக, அனுசுயாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கிணற்றுக்கு மேலே இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, விட்டுவிடட்டுமா என்று நதியாவிடம் கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துப் பிள்ளையும் காலை ஆட்டிச் சிரித்தது. பெற்ற தகப்பன் பிள்ளையைக் கிணற்றில் போடுவானா என்று ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, கடைசியில் அவளையே அவனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். யார் யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டதிட்டம் வைத்திருந்த ஊர் அது. அந்தச் சட்டதிட்டத்தின்படி அவள் செய்ததுதான் தப்பு.

அதனால் திருப்பூரில் அவளுக்கு முதலில் பிடித்துப்போனது, இங்கே யாரும் எதுவும் கேட்காததுதான். மண்ணரையில் கந்தவேல் என்பவரின் காம்பவுண்டில் வீடு கிடைத்தது. தெருப்பக்கம் பச்சை இரும்பு கேட், நடுவே நடைபாதை, இரண்டு பக்கமும் ஒற்றை அறை லைன் வீடுகள், கடைசியில் குழாயடி. கந்தவேல் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். அப்புறம் தருகிறேன் என்றாள். சரிங்க என்றவர் அதோடு மறந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளிடம் மட்டும், வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தாள். பாண்டியம்மாள் அதையும் காதில் வாங்கினாளோ இல்லையோ. காம்பவுண்டில் ஒருவருக்கு ஒருவர் பெயர்கூடத் தெரியாது. செக்கிங் அக்கா, டைலர் அண்ணன், சாயப்பட்டறைத் தம்பி, அவ்வளவுதான். ஒருத்தர் காலி செய்துகொண்டு போனால் அடுத்த வாரம் வேறொருத்தர் அந்தப் பெயரில் வந்துவிடுவார்.

கேட்பார் இல்லை என்றால் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்களோ அதெல்லாம் அந்தக் காம்பவுண்டில் நடந்தது. தாலி கட்டாத ஜோடி ஒன்று புருஷன் பெண்டாட்டியாகக் குடியிருந்தது. மூலை வீட்டுக்காரன் தெருக் கம்பத்திலிருந்து ஒயர் இழுத்து ஃபேன் ஓட்டினான். பாண்டியம்மாளும் செக்கிங்தான். நல்ல பீஸில் ஒரு அம்பை ஒட்டி டேமேஜில் சேர்த்து, அப்புறம் அதை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். அவள் காட்டிக்கொடுத்த வழியில் நதியாவும் மகளுக்கு ஒரு மஞ்சள் பனியன் கொண்டுவந்தாள். அன்றைக்கு நெஞ்சு படபடத்தது. மறுநாள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் படபடப்பும் இல்லை. எல்லாரும் செய்கிறார்கள், யாரும் திட்டுவதில்லை, எனில் இது தப்பே இல்லை போலிருக்கிறது என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை நதியாவின் கதவில் மறுபடி ஒன்று இருந்தது, இந்தத் தடவை அவள் அதைத் தொடவில்லை. பாண்டியம்மாள் கதவிலும் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. எதிர் வரிசையில் அந்த ஜோடியின் கதவில் ஒன்று. மூலை வீட்டில் இரண்டு. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. யாரென்று தெரியாத ஒரு ஆள் மூச்சிரைக்கப் பேசினான். ஒரு கும்பல் இறங்கியிருக்கிறதாம். பெண்கள் தனியாக இருக்கிற வீடு, பிள்ளைகள் இருக்கிற வீடாகப் பார்த்துப் பகலில் அடையாளம் வைத்துவிட்டுப் போகிறார்களாம். இதை எல்லாருக்கும் அனுப்பச் சொல்லி முடித்தான். எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினார்கள்.

இது நம் கம்பெனி ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறதே என்று முதலில் சொன்னது பாண்டியம்மாள்தான். சொன்னவள் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளுடைய புருஷன் மொக்கைச்சாமி, பவர் டேபிள் மிஷினில் தைக்கிற டைலர், விவரமான ஆள் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவர். குழாயடியில் நின்று அவர் விளக்கினார்.

"கம்பெனி ஸ்டிக்கர்தேன். அதைய ஏன் ஒட்டுறாய்ங்க? பாக்குறவுக, கம்பெனியில இருந்து ஒட்டிக்கிட்டு வந்துருக்கும்னு நெனச்சுட்டுப் போயிரணும்ல, அதுக்குத்தேன்."

அதற்கு மேல் யாரால் என்ன சொல்ல முடியும். அந்த ஸ்டிக்கரையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒரு காம்பவுண்டு, அந்த ஸ்டிக்கருக்குப் பயந்து நடுங்கியது. வெளியே கும்பல் என்று பேசிக்கொண்டார்களே தவிர, உள்ளே ஒவ்வொருவருக்கும் வேறு பயம். அந்த அம்பு தன் வீட்டுக்குள் எதைக் காட்டுகிறது என்று தனக்குத் தெரியும் என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மூலை வீட்டுக்காரன் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் புழுக்கத்தில் கிடந்தான். பாண்டியம்மாள் வீட்டிலிருந்த பனியன்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். எதிர் வீட்டுப் பெண் கழுத்தில் சனிக்கிழமை காலை ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. இது தப்பு என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல ஆள் இல்லாத இடத்தில் எது தப்பு, எது இல்லை என்று எப்படிப் பிரிப்பது. எல்லாமே தப்பாகத் தெரிய ஆரம்பித்தது.

நதியாவுக்கு ஒரே பயம்தான். இசக்கிமுத்து கண்டுபிடித்துவிட்டான், ஆள் வைத்து வீட்டை அடையாளம் பார்த்துவிட்டான் என்றே முடிவு கட்டினாள். சனிக்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கம்பெனிக்கே கூட்டிக்கொண்டு போய், டேபிளுக்கு அடியில் அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சூப்பர்வைசர் கத்தினார். திரும்பி வரும்போது ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் பிள்ளையைச் சுவர்ப்பக்கம் தள்ளினாள்.

அதைவிட மோசம், காம்பவுண்டில் இப்போது கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்கு முன்னால் மொக்கைச்சாமி வாசலில் நின்று, வீட்டுக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டார். மஸ்கட் என்று வாயில் வந்துவிட்டது. பின்னால் பாண்டியம்மாள் நின்றிருந்தாள். அவள் முகம் யோசித்ததை நதியா பார்த்தாள். ராத்திரி முழுக்கக் கதவுக்குக் குறுக்கே அரிசிச் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு அதன் மேலேயே சாய்ந்து கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது விஷயம் விளங்கியது. அவளுடைய சுடிதாரின் தோளில் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்பு இருந்தது. அனுசுயாவின் பாவாடை மடிப்பில் இன்னொன்று. பாவாடையில் இருந்ததை மட்டும் விரலில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செக்கிங்கில் நிற்கிற பெண்கள் எடுத்து ஒட்ட வசதியாக ஸ்டிக்கர்களைத் தோளிலும் கையிலும் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வார்கள். கந்தவேலின் கதவுகளோ போன மழைக்கு உப்பிப்போனவை. சாவியைத் திருப்பிவிட்டுத் தோளால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். தோளில் இருந்தது கதவுக்குப் போய்விட்டது. கும்பலும் இல்லை, இசக்கிமுத்துவும் இல்லை. நதியாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நாலு நாளைக்கு அப்புறம் வயிற்றில் பசி தெரிந்தது.

அப்போதுதான் நடைபாதையில் ஆண்கள் கூடியிருப்பதைக் கவனித்தாள். மொக்கைச்சாமி பேசிக்கொண்டிருந்தார். காம்பவுண்டில் எல்லாக் கதவிலும் அடையாளம் இருக்கிறது, ஒரே ஒரு கதவில் மட்டும் இல்லை. ஏன் இல்லை? ஒட்டுகிறவன் தன் கதவில் ஒட்டிக்கொள்வானா? எல்லாரும் கடைசி வீட்டைப் பார்த்தார்கள். அது மாதவனுடையது. சிவகங்கைப் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும், தனிக்கட்டை. வீரபாண்டியில் சாயப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவான், யாரோடும் பேச மாட்டான். ஒருமுறை நதியாவின் சிலிண்டரை ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான். அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது.

அவன் கதவில் ஏன் இல்லை என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. சாயப்பட்டறையில் ஏது ஸ்டிக்கர். அவன் தோளில் ஒட்டியிருந்தால் சாயம்தான் ஒட்டியிருக்கும். மூலை வீட்டுக்காரன் கையில் ஒரு இரும்புக் குழாய் இருந்தது. பட்டறைத் தம்பி தூங்கி எழட்டும் என்றார் ஒருத்தர். எழுப்பியே கேட்போம் என்றார் இன்னொருத்தர். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து எல்லாருமாகக் கதவைத் தட்டுவது, திறக்காவிட்டால் உடைப்பது என்று முடிவாகியது. அவர்கள் முகங்களைப் பார்த்தபோது, தட்டுவதோடு நிற்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பயந்துபோன மனிதர்களின் முகம் அது. நாலு நாளாக அவளுக்கும் அதே முகம்தான்.

பாண்டியம்மாள் வீட்டுக்குள் போய் அவளிடம் சுடிதாரை நீட்டினாள். இதோ பாருங்கள், நம் மேலிருந்துதான் ஒட்டியிருக்கிறது என்று ஆரம்பித்தாள். பாண்டியம்மாள் ஸ்டிக்கரைப் பார்த்தாள். பிறகு நதியாவைப் பார்த்தாள்.

"உன் துணியில எப்பிடித்தா வந்துச்சு?" என்று கேட்டாள்.

கேட்ட தோரணையில் இருந்த சந்தேகம் நதியாவுக்குப் புரிந்தது. சும்மா சொன்னேன் என்று ஏதோ உளறிவிட்டுச் சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இதற்கு மேல் பேசினால் கேள்வி அவள் பக்கம் திரும்பும். மஸ்கட்டா துபாயா என்பார்கள். ஆதார் எங்கே என்பார்கள். போலீஸ் வந்தால் புருஷன் பெயர், ஊர், போன் நம்பர் கேட்டு, ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று நல்ல மனதோடு இசக்கிமுத்துவுக்கே போன் போடுவார்கள். வாயைத் திறக்காமல் ஒரு மனிதனைக் காப்பாற்ற என்ன வழி என்று யோசித்தாள். வழி விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாக் கதவிலும் இருப்பது அவன் கதவிலும் இருந்துவிட்டால் அவனும் மற்றவர்களைப் போல ஒருத்தன். அவ்வளவுதானே.

ஆண்கள் சாப்பிடப் போன நேரத்தில் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடைபாதையில் போனாள். கடைசி வீட்டை ஒட்டிப் போகும்போது ஸ்டிக்கரை மாதவன் கதவில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் அழுத்திவிட்டு, குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்து அரிசி களைந்து உலையில் போட்டாள். நல்ல காரியம் செய்தோம் என்று அவளுக்கு ஒரு தெம்புகூட வந்தது.

மொக்கைச்சாமி விவரமான ஆள் என்று சொன்னேன் அல்லவா. அவர் காலையிலேயே தன் போனை வீடியோவில் போட்டு, ஜன்னல் கம்பிக்கு நடுவே நடைபாதையைப் பார்த்தபடி செருகி வைத்திருந்தார்.

கதவு தட்டப்பட்டபோது சோறு கொதித்துக்கொண்டிருந்தது. திறந்தாள். வாசல் நிறைய ஆட்கள். அடுத்த காம்பவுண்டுக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். முன்னால் மொக்கைச்சாமி போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் அவள் போனாள், குனிந்தாள், கதவில் கையை வைத்து அழுத்தினாள், திரும்பியபோது முகம் முழுசாக வெளிச்சத்தில் தெரிந்தது. ஒரு தடவை ஓடி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. நதியா மாதவனை மறந்தாள். மூலை வீட்டுக்காரனின் கையில் இருந்த குழாயை மறந்தாள்.

"இதை யாருக்கெல்லாம் அனுப்புனிய?" என்று கேட்டாள்.

அதுதான் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மாட்டிக்கொண்டவள் கேட்கிற கேள்வியா இது. யாரோ ஒரு பெண் உள்ளே புகுந்து அனுசுயாவைத் தூக்கி வெளியே கொண்டுபோனாள். பிள்ளை முதலில் இவளோடதா என்று கேளுங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பிள்ளை அலறியது. நதியா பாய்ந்தாள், இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். புருஷன் எங்கே என்றார்கள். சொந்த ஊர் எது என்றார்கள். யாருடைய ஆள் நீ, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்றார்கள். தன்னிடம் துபாய் என்று சொன்னவள் நேற்று மஸ்கட் என்றாளே என்று பாண்டியம்மாள் அழுகிற குரலில் சொன்னாள். இவள் யார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இல்லை. எப்படி இருக்கும். தெரியக்கூடாது என்றுதானே அவள் இங்கே வந்ததே.

நாலைந்து போன்கள் மேலே எழுந்தன. துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொண்டாள். யாரோ உருவி எறிந்தார்கள்.

"அடிக்கணும்னா அடிங்கண்ணே. படம் மட்டும் எடுக்காதீய. உங்க கால்ல விழுதேன், படம் எடுக்காதீய."

அதைக் கேட்டதும் இன்னும் நாலு போன் எழுந்தது.

சத்தத்தில் மாதவன் எழுந்து வந்தான். பட்டறைக் கைகள், நகக்கண் எல்லாம் நீலம். அவனைக் கூட்டம் உடனே சுற்றிக்கொண்டது. உன் கதவில்தான் ஒட்டினாள், உனக்கும் இவளுக்கும் என்ன என்று கேட்டார்கள். அவன் தன் கதவில் இருந்த அம்பைப் பார்த்தான். இரும்புக் குழாயைப் பார்த்தான். நதியாவைப் பார்த்தான். ஏன் ஒட்டினாள் என்று அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. தன் மேல் இருந்த பார்வை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

"நேத்தும் இந்தக்கா என் கதவுகிட்ட நின்டுச்சு. நான் பாத்தேன்" என்றான்.

யாரோ அவன் தோளில் கை போட்டார்கள். உன் பேர் என்னப்பா என்று கேட்டார்கள். இத்தனை மாதத்தில் அவனை யாரும் பெயர் கேட்டதில்லை. மாதவன் என்றான்.

நதியாவின் கன்னத்தில் முதல் அடி விழுந்தபோது கந்தவேல் வந்து சேர்ந்தார். முருகன் கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார், நெற்றியில் விபூதி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் வீடியோவை வாங்கிப் பார்த்தார், கதவுகளைப் பார்த்தார். அப்புறம் முன்னால் நின்ற பாண்டியம்மாளைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவள் முதுகில் ஜாக்கெட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த ஒன்றைப் பிய்த்து எல்லாருக்கும் காட்டினார்.

"ஏனுங்க, எல்லாரும் கம்பெனிக்குத்தானுங்க போறீங்க? இதைய மேல ஒட்டிக்கிட்டு வந்து கதவுல சாஞ்சா, கதவுல ஒட்டாம வேற எங்கீங்க ஒட்டும்? பொம்பளப்புள்ளைய உடுங்க மொதல்ல."

எல்லாரும் அந்த ஸ்டிக்கரை எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ தன் சட்டையைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருத்தனுடைய லுங்கியில் ஒன்று இருந்தது. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது, அது பரவியது. அட என்னங்க இது, இத்தனை நாள் வெட்டியாகப் பயந்தோமே என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள். நதியா எதற்கு ஒட்டினாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நதியாவின் கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டு, தப்பா நெனச்சுக்காதீங்கக்கா என்றார்கள். துப்பட்டாவை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். அனுசுயாவைத் தூக்கிப்போனவள் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். ஞாயிற்றுக்கிழமை, எல்லார் வீட்டிலும் கறி வெந்துகொண்டிருந்தது. கலைந்து போனார்கள்.

வீடியோ எங்கெல்லாம் போயிருக்கிறது என்று நதியா மொக்கைச்சாமியை மறுபடி கேட்டாள். அவர் நிஜமாகவே வெட்கப்பட்டார். காம்பவுண்டு குரூப்பில் போட்டேன், அழித்துவிட்டேன் என்றார். திருப்பூரில் இருக்கிற தென்மாவட்டத்துக்காரர்கள் குரூப்பில் போட்டேன், அங்கேயும் அழித்துவிட்டேன், ஆனால் அதற்குள் நிறையப் பேர் அனுப்பிவிட்டார்கள் என்றார். இந்தப் பெண்ணைப் பற்றித் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும் என்று எழுதித் தன் நம்பரையும் காம்பவுண்டு விலாசத்தையும் போட்டிருந்தாராம். அதை மட்டும் நினைத்துக் கவலைப்படாதே தங்கச்சி, யாராவது கேட்டால் நம்ம பிள்ளைதான் என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றார்.

நதியா உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள். பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது. சோறு குழைந்து போயிருந்தது. பையை எடுத்துத் துணிகளைத் திணித்தாள். எங்கே போவது என்று தெரியவில்லை. முதலிபாளையத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தி இருக்கிறாள், வீடு எதுவென்று தெரியாது. எதுவானாலும் சரி, பஸ் ஏறிவிட வேண்டும். அவசரத்தில் பையின் ஜிப் மாட்டிக்கொண்டது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கயிற்றால் கட்டினாள்.

வாசலில் நிழல் தட்டியது. மாதவன். உள்ளே வரவில்லை. பயந்துவிட்டேன் அக்கா என்றான். அவள் தலையை ஆட்டினாள். அவன் மேல் கோபப்படக்கூட அவளுக்கு நேரம் இல்லை. அவன் இன்னும் ஏதோ சொல்ல நின்றான், அவள் பையைக் கட்டுவதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்து பாண்டியம்மாள் வந்தாள். கையில் கிண்ணம் நிறையக் கறிக்குழம்பு. கண் சிவந்திருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு நதியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, ஓன் வீட்டுக்காரர் இவுக நம்பருக்குப் பேசுனாருத்தா. வீடியோவைப் பாத்துருக்காரு. வெளிநாட்டுல இருந்து வந்து, ஒன்னயத் தேடிக்கிட்டு இங்கனதேன் அலையுறாராம். பழைய பஸ் ஸ்டாண்டுல நின்டவரு ஆட்டோ ஏறிட்டாராம். எம்புட்டுத் தன்மையாப் பேசுறாரு. நாங்க ஒனக்குச் செஞ்ச பாவத்துக்கு, ஒன்னயச் சேத்து வச்சாத்தேன் எங்களுக்கு மனசு ஆறும்."

நதியா சுற்றிப் பார்த்தாள். அறையில் பிள்ளை இல்லை. அனு எங்கே என்று கேட்டாள்.

அப்பாவிடம் பேசட்டும் என்று பிள்ளையிடம்தான் போனைக் கொடுத்திருக்கிறேன் என்றாள் பாண்டியம்மாள். வெளியே தெருப்பக்கத்திலிருந்து அனுசுயாவின் குரல் கேட்டது, சந்தோஷத்தில் மூச்சு முட்டிக்கொண்டு.

"ஆமாப்பா, பச்சைக் கேட்டு. ஆட்டோ தெரியுது. ஏப்பா, நாந்தாம்ப்பா, மஞ்சப் பனியன் போட்டு நிக்கேன்லா."